ஊன்றும் கால்

கடைசி வரியில் இருந்த பொடி எழுத்துகளையும் பசை என்கிற பட்டப்பெயர்க்காரன் தடுமாறாமல் படித்தான். கண் டாக்டரம்மா விளக்கைப் போட்டார்.

"கண்ணு ரெண்டும் முத்து மாதிரி இருக்கு தம்பி. எதுக்கு வந்தீங்க?"

"பந்து தெரிய மாட்டேங்குது டாக்டர். நான் கோல்கீப்பர்."

"எல்லாப் பந்துமா?"

"ஒருத்தன் உதைக்கிறது மட்டும்."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அதுக்கு என்கிட்ட சொட்டு மருந்து கிடையாதே!"

அந்த ஒருத்தன் நெட்டை. விளையாட்டு விடுதியில் பன்னிரண்டு வயதிலிருந்து பக்கத்துக் கட்டில். இப்போது வேறு வேறு அணி, ஆனால் ஒரே வாடகை அறை. தினமும் காலையில் நெட்டை பத்து பெனால்டி உதைப்பான், முன்பெல்லாம் அதில் எட்டைப் பசை பிடித்துவிடுவான்.

பந்து கையில் ஒட்டிக்கொள்கிறது என்று விடுதிப் பையன்கள் வைத்த பெயர்தான் பசை. மற்றவர்கள் உதைத்தால் இப்போதும் ஒட்டத்தான் செய்கிறது. நெட்டை உதைத்தால் மட்டும், மூன்று மாதமாக, பத்துக்குப் பத்தும் வலைக்குள்.

ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், நெட்டையின் அணியோடு. ஜெயித்தால் பசைக்கு இன்னும் இரண்டு வருட ஒப்பந்தம். தோற்றால் மாமாவின் கடையில் பெயிண்ட் டப்பா அடுக்க வேண்டியதுதான்.

பெனால்டியை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் இந்தச் சிக்கல் புரியும். பந்துக்கும் கோலுக்கும் நடுவே பதினோரு மீட்டர். நன்றாக உதைத்த பந்து அரை நொடிக்குள் வந்துவிடும். மூலைவரை பாய உடம்புக்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். ஆகவே பந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டுப் பாய்கிறவனுக்குக் காற்றுதான் மிஞ்சும்; உதை விழுமுன்பே பாயத் தொடங்க வேண்டும்.

எந்தப் பக்கம் என்று முன்பே எப்படித் தெரியும்? உதைக்கிற கால் ஏமாற்றும். ஆனால் அடுத்த கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றித்தான் ஆகவேண்டும். ஊன்றிய பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ, பெரும்பாலும் பந்து அந்தப் பக்கம்தான் போகும். கண் இமைக்கும் நேரத்துக்குத் தெரிந்து மறைகிற சாடை அது.

இந்த வித்தையைப் பசை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தான். இந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில் நெட்டையின் பெனால்டியை அவன் பிடித்ததும் மைதானமே நெட்டையைப் பார்த்து ஊளையிட்டது. அன்று மாலை நெட்டை கேட்டான்.

"எப்படிடா? என் வயித்துக்குள்ள உக்காந்திருக்கியா?"

"ஊனுற கால், லூசு. அதை மட்டும்தான் பாக்கறேன்."

நெட்டை ஒரு வாரம் காலைத் திருப்பி ஊன்றிப் பழகினான். பதினைந்து வருடப் பழக்கம் அப்படித் திரும்புமா? பந்தெல்லாம் மதில் தாண்டி ரோட்டில் விழுந்தன. ஒன்று பால்காரரின் கேனில் மோதித் திட்டும் வாங்கிக் கொடுத்தது.

அதற்கு அடுத்த வாரம், அறையில், பசையின் கையுறைப் பட்டையைக் கழற்றிவிட்டபடியே நெட்டை சொன்னான்: "எனக்கு உன்னைப் பிடிக்கும்டா. சும்மா ஃப்ரெண்டா இல்ல. உனக்கும் அப்படித்தான்னு ரொம்ப நாளாவே தெரியும்."

ஆறு வருடமாகப் பசையின் தொண்டைவரை வந்து திரும்பிப்போன சொல் அது. அவன் அழுதான், அழுதுகொண்டே சிரித்தான். இரண்டு கட்டில்களும் ஒன்றாயின.

ஞாயிறு காலை கிளம்பும்போது பசை கையுறைகளை மூன்றாம் தடவையாகப் பைக்குள் தேடிப் பார்த்தான். நெட்டை அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "பயமா இருந்தா என்னைப் பாரு. போதும்."

ஆட்டம் பெனால்டியில் வந்து நின்றது. கடைசி உதை நெட்டையுடையது. போட்டால் கோப்பை அவர்களுக்கு; பிடித்தால் பசையின் அணி பிழைக்கும்.

நெட்டை பந்தை வைத்தான். நிமிர்ந்து, பசையைப் பார்த்துச் சிரித்தான். காலையில் தலையணையில் சிரித்த அதே சிரிப்பு. விசில் ஒலித்தது, நெட்டை ஓடி வந்தான், பசை இடப்பக்கம் பாய்ந்தான். பந்து வலப்பக்க மூலையில் போய் நின்றது.

உடை மாற்றும் அறையில் நெட்டை மட்டும் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் வெளியே கோப்பையோடு கத்திக்கொண்டிருந்தார்கள். பசை பெஞ்சில் அவனை ஒட்டி உட்கார்ந்து, அவன் முழங்காலில் கை வைத்தான்.

"பெயிண்ட் கடைன்னாலும் பரவால்லடா. நீ ஜெயிச்சது எனக்குச் சந்தோஷம்தான். ஒண்ணே ஒண்ணு சொல்லு. என்னத்த மாத்தினே?"

"ஒண்ணும் மாத்தலை. அதே கால், அதே மாதிரிதான் ஊனுறேன்."

"அப்புறம் எனக்கு ஏன் தெரியலை?"

நெட்டை பூட்ஸைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தான். முழங்காலில் இருந்த கையை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தான்.

"நீ மூணு மாசமா என் மூஞ்சியைத்தானே பாக்கறே? அதுக்குத்தான் பிடிக்கும்னு சொன்னேன்."

பசை அப்போதும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நெட்டை பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"இனிமே பழையபடி காலைப் பாரு, பிடிச்சிடுவே."