மிச்சப் பின்னல்

“என்ரை அம்மாவின்ரை வேலைக்கு உவ ஆர் சட்டம் போட?”

குணலட்சுமிக்கு நல்ல கோபம். உடனே கஜானிக்குப் போன் எடுத்துவிட்டாள். பருத்தித்துறையில் இருக்கும் கஜானிதான் அந்த வட்ஸ்அப் குழுவை நடத்துகிறவள். ஊசியால் நூலில் ரேந்தைப் பூவேலை பின்னுகிற பெண்கள் எழுபது பேர் அதில் இருந்தார்கள்.

நடந்தது சின்ன விஷயம். பாதியில் விட்ட வேலைகளை எல்லோரும் இந்த முறை எடுத்து முடிப்போம் என்று கஜானி எழுதியிருந்தாள். குணலட்சுமி அலுமாரிக்குள் கிடந்த ஒரு மேசைவிரிப்பைப் படம் எடுத்துப் போட்டாள். வெள்ளை நூலில் பூப்பூவாகப் பின்னிய ரேந்தை, அரைவாசியில் நின்றிருந்தது. அம்மா தொடங்கி முடிக்காமல் விட்டது, மிச்சத்தைப் பச்சை நூலில் பின்னப் போகிறேன் என்று கீழே எழுதினாள்.

இதயங்கள் வந்து குவிந்தன. ரொறன்ரோவில் இருந்த ஒருத்தி, பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்று எழுதினாள்.

‘ரோஜா’ என்ற பெயரில் இருந்தவள் மட்டும் ஒரே வரி போட்டாள்: “பச்சை வேண்டாம். வெள்ளையிலையே முடியுங்கோ.”

கஜானிக்கும் ரோஜாவைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இல்லை. முகம் காட்டாத ஆள். தான் பின்னிய ஒன்றையாவது இதுவரை போட்டதில்லை. வேண்டுமென்றால் குழுவிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டாள்.

குணலட்சுமி பதில் சொல்வதற்குள் ரோஜாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. “கோவிக்காதேங்கோ. மிச்சத்தை எப்பிடிப் பின்னுறதெண்டு நான் சொல்லித் தாறன்.”

கட்டம் போட்ட கொப்பித் தாளில் கீறிய படமும் கூடவே வந்தது. ஒவ்வொரு பூவுக்கும் கணக்குப் பிசகாமல் எல்லாம் குறித்திருந்தது. ரோஜா இருக்கட்டும் என்று குணலட்சுமி கஜானிக்குச் சொன்னாள்.

முழங்கால் ஒப்பரேஷனுக்குப் பிறகுதான் குணலட்சுமி இந்தக் குழுவுக்கு வந்தாள். பிள்ளைகள் கனடாவில். இணுவில் வீட்டில் அவளும் தொலைக்காட்சியும்தான். குழுவில் மட்டக்களப்புக்காரி ஒருத்தி பூசணிப்பூவைப் பார்த்துக் குழந்தைத் தொப்பி பின்னினாள். அதைப் பார்த்த குணலட்சுமிக்கு, தன் வீட்டு யன்னல் கம்பியின் வளைவையே திரைச்சீலைக் கரையாகப் பின்னலாம் என்று தோன்றியது. பின்னியும் போட்டாள். அதைப் பார்த்து மன்னாரில் ஒருத்தி தன் வீட்டு யன்னலுக்கும் பின்னினாள். காலையில் எழும்பினால் இன்றைக்கு என்ன செய்கிறாய் என்று கேட்க எழுபது பேர் இருந்தார்கள்.

ஆனால் அவள் காத்திருந்தது ரோஜாவின் செய்திக்குத்தான். ஒரு வரிசை பின்னல், பிறகு ஊர்க்கதை. முழங்கால் நோ, மகளின் வேலை, மீன் விலை எல்லாம் கதைத்தார்கள். போன் எடுத்தால் மட்டும் ரோஜா எடுக்க மாட்டாள். எழுதினால் போதும் என்பாள். குணலட்சுமி அவளை அக்கா என்று கூப்பிடத் தொடங்கியிருந்தாள். மத்தியானங்களில் ‘சாப்பிட்டாச்சோ அக்கா’ என்று கேட்காமல் ஊசியைக் கையில் எடுப்பதில்லை.

இரண்டு மாதத்தில் விரிப்பு முடிந்தது.

கஜானி நல்லூரில் ஒரு மண்டபம் எடுத்து எல்லோரையும் கூப்பிட்டாள். குணலட்சுமியின் விரிப்பு நடுச்சுவரில் தொங்கியது. ‘அம்மாவின் நினைவாக’ என்று கீழே ஓர் அட்டை.

முக்காடு போட்ட ஒரு பெண் வந்து பக்கத்தில் நின்றாள். “நான்தான் ரோஜா. பேர் சுஹறா.”

குணலட்சுமி கட்டிப்பிடித்துக்கொண்டாள். இவ்வளவு நாளும் எங்கே ஒளிந்திருந்தீர்கள் என்று கேட்டாள்.

“இங்கைதான், சோனகதெருவிலை. தொண்ணூறிலை இயக்கம் முஸ்லிம் ஆக்களை ஊரை விட்டு அனுப்பினபோது போனனாங்கள். புத்தளத்திலை இருந்திட்டு, திரும்பி வந்து பத்து வருசம்.”

சுஹறா விரிப்பின் கரையை ஒரு விரலால் தடவிக்கொண்டு போனாள். அவளுடைய தோளில் இருந்த குணலட்சுமியின் கை தானாக விலகியது.

“அக்கா, மிச்சம் எப்பிடி வருமெண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?”

“என்ரை கலியாணத்துக்கெண்டு நான் தொடங்கினது. வெளிக்கிடச் சொல்லி இரண்டு மணித்தியாலம்தான் தந்தவை. இது மேசையிலை கிடந்தது.”

குணலட்சுமியின் அம்மா ஒருநாளும் ரேந்தை ஊசி பிடித்ததில்லை. அந்த வருடம் அவர்கள் போன பிறகு அப்பா ஒரு பெட்டி சாமானோடு வீட்டுக்கு வந்தார். இந்த விரிப்பு அதற்குள் கிடந்தது. எந்த வீட்டுச் சாமான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே ஏதாவது எழுத வேண்டியிருந்தது. அம்மா என்று எழுதிவிட்டாள்.

அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வரும்படி கஜானி ஒலிவாங்கியில் கூப்பிட்டாள்.

குணலட்சுமி நொண்டி நொண்டிப் போனாள். ஒலிவாங்கியைக் கையில் வாங்கினாள்.

“இது என்ரை அம்மா பின்னினதில்லை. வீட்டை விட்டுக் கலைக்கப்பட்ட ஒராளின்ரை மேசையிலை இருந்து எடுத்தது. தெரிஞ்சுகொண்டுதான் எங்கடை எண்டு எழுதினனான். அவ இப்ப இந்த மண்டபத்திலை இருக்கிறா.”

ஒருவரும் கைதட்டவில்லை. அவளே விரிப்பைக் கழற்றி, மடித்துக் கொண்டுவந்து, கதிரையில் உட்கார்ந்திருந்த சுஹறாவின் மடியில் வைத்தாள். தானும் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நான் படம் போட்ட அண்டைக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். ஏன் அக்கா கேக்கேல்லை?”

சுஹறா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கேட்டிருந்தால் தந்திருப்பீங்கள். பிறகு என்னோடை கதைச்சிருக்க மாட்டீங்கள்.”