இதெல்லாம் ஒரு மூக்கா?

"இதெல்லாம் ஒரு மூக்கா? கத்திரிக்காய்க்குக் காம்பு முளைச்ச மாதிரி இருக்கு."

கார்ட்டூனிஸ்ட்டின் மண்டையோட்டைத் திறந்து வைத்துக்கொண்டுதான் டாக்டரம்மா இப்படிக் கேட்டார்.

வரைபலகையைப் பிடித்துக்கொண்டிருந்த நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

மூளையில் கட்டி. அதுவும் வலது கையை ஆட்டிவைக்கிற இடத்தை ஒட்டி. அதனால் தலையை மட்டும் மரத்துப்போகச் செய்து, அவர் விழித்திருக்கும்போதே ஆபரேஷன் நடந்தது. அவர் வரைந்துகொண்டே இருக்க வேண்டும். டாக்டரம்மா மெல்லிய மின்சாரத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுப் பார்ப்பார். தொட்டதும் கோடு நின்றாலோ கோணினாலோ அங்கே கத்தி படக் கூடாது. பட்டால் ஆள் பிழைப்பார்; பென்சில் பிடிக்க மாட்டார்.

தலைமாட்டில் நின்ற டாக்டரம்மாவுக்கு எதிரே ஒரு திரை. பென்சில் நகர்வது அதில் பெரிதாகத் தெரிந்தது.

"உங்க மூக்குதான் டாக்டர். இருக்கறதைத்தானே வரைய முடியும்?" பச்சைத் துணிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"முகமூடிக்குள்ள இருக்கற மூக்கு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து ரவுண்ட்ஸ் வந்தீங்களே. முதல்ல மூக்கு வந்தது. அப்புறம் நீங்க வந்தீங்க."

மயக்க மருந்து டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"அடுத்தவங்களைக் கிண்டல் பண்ணியே வயசாயிடுச்சு. ஒரு காதாவது ஒழுங்காப் போடத் தெரியுதா?"

நர்ஸுக்கு மனசு பொறுக்கவில்லை. காலையில்தான் அவர் மனைவியையும் பார்த்திருந்தாள். ஸ்ட்ரெச்சர் கூடவே வந்து, "உள்ளே போயாவது உருப்படியா ரெண்டு கோடு போடுங்க. வேற ஆள் கிடைக்காமத்தான் பத்திரிகையில உங்களதைப் போடறாங்க" என்று தியேட்டர் வாசல்வரை கரித்துக்கொட்டினாள். வீட்டில் அவள், இங்கே டாக்டரம்மா. மனுஷன் எங்கேதான் போவார்?

நர்ஸ் குனிந்து மெதுவாகச் சொன்னாள். "ரொம்ப அழகா இருக்கு சார். அச்சு அசல் டாக்டர்தான்."

"நிஜமாவா சிஸ்டர்?"

"சத்தியமா."

அவர் முகம் மலர்ந்தது. பென்சில் நின்றது.

அதே நொடியில் டாக்டரம்மாவின் மின்முனையும் ஓர் இடத்தைத் தொட்டிருந்தது.

"கோடு நின்னுடுச்சு," என்றார் மயக்க மருந்து டாக்டர். "அந்த இடமும் போச்சா? அப்ப பாதிக் கட்டியை உள்ளேயே விட வேண்டியதுதான்."

டாக்டரம்மா மின்முனையை எடுத்தார். பென்சில் அப்போதும் நகரவில்லை.

"இது நான் நிறுத்தினது இல்லையே. சிஸ்டர், அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"அழகா இருக்குன்னு..."

"பலகையைப் பிடிக்கத்தான் சொன்னேன். பட்டம் கொடுக்கச் சொல்லலை." குரலை உயர்த்தினார். "என்ன சார், அவ்வளவுதானா? ஆஸ்பத்திரி சுவத்துல 'இங்கே வண்டியை நிறுத்தாதே'ன்னு எழுதினவன் இதைவிட நல்லாப் போடுவானே."

"வீட்டை விட்டு வந்தும் நிம்மதி இல்லை," என்று முணுமுணுத்தார் அவர். "சிஸ்டர், புதுத் தாள் வைங்க. அந்தம்மாவுக்குக் காதுன்னா என்னன்னு காட்டறேன்."

பென்சில் பாய்ந்தது. டாக்டரம்மா அதே இடத்தை மறுபடி தொட்டார். கோடு பிசிறில்லாமல் ஓடியது.

"இங்கே எடுக்கலாம்."

அடுத்த இடம். கோடு வெட்டி இழுத்தது.

"இங்கே வேண்டாம்."

இந்தப் பக்கம் வசவு, அந்தப் பக்கம் கோடு, நடுவே கட்டி துளித்துளியாக வெளியே வந்தது. தாளில் டாக்டரம்மாவின் காது முளைத்தது. மயக்க மருந்து டாக்டரின் இரட்டை முகவாய் தொங்கியது. நர்ஸின் கண்கள் ஆந்தைக் கண்களாக உருண்டன.

"முழுசா வந்துடுச்சு," என்றார் டாக்டரம்மா.

கார்ட்டூனிஸ்ட் அதற்குள் படத்துக்கு அடியில் கையெழுத்தே போட்டுவிட்டார். தினமும் போடுகிற அதே சுழி, அதே வேகம்.

தையல் போட்டு முடிந்ததும் நர்ஸ் அந்தத் தாளோடு வெளியே ஓடினாள். நடையில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நல்லபடியா முடிஞ்சுது. கைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனா ஒண்ணு சொல்லாம இருக்க முடியலை. உள்ளே டாக்டர் அவரைப் பேசின பேச்சு..."

"திட்டினாங்களா?" அவள் நர்ஸின் கையைப் பற்றிக்கொண்டாள். "நல்லாத் திட்டினாங்களாம்மா? நேத்து சாயங்காலம் பூரா டாக்டர்கிட்ட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். தங்கமான மனுஷி, வாயில வரவே மாட்டேன்னுடுச்சு."

நர்ஸ் விழித்தாள்.

"கல்யாணமான புதுசுல ஒரு படத்தை நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அந்த வாரம் பூரா மனுஷன் பென்சிலையே தொடலை. எவனாவது மட்டம் தட்டினாத்தான் அந்தக் கை ஓடும். அன்னையிலேர்ந்து என் வாயில வசவுதான்."

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். மனைவி நர்ஸிடமிருந்து தாளை வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்புறம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

"டாக்டர், அவர் தூங்கும்போதாவது பக்கத்துல போய், ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லிக்கட்டுமா?"