வரைபடத்தில் செருப்புத் திருடன்

“அப்பா, திருடன் மாட்டிக்கிட்டான்!” லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள் மகள்.

தெருச் சங்கத் தலைவரான அப்பா துள்ளி எழுந்தார். “செருப்புத் திருடனா? அவன் தோலை உரிச்சிடறேன்! எப்படிக் கண்டுபிடிச்சே?”

“எங்க ஆபீஸ்ல மேப் போடற ஜி.ஐ.எஸ். சாஃப்ட்வேர்லதான். நம்ம தெரு மேப்புல செருப்பு காணாமப்போன வீட்டுக்கெல்லாம் சிவப்புப் புள்ளி வெச்சேன். அதுமேல கேட் பூட்டற வீடுகளை இன்னொரு அடுக்கா ஏத்தினேன். பூட்டற வீட்டுல புள்ளியே இல்ல. பூட்டாத வீடெல்லாம் சிவப்பு, ஒரே ஒரு வீட்டைத் தவிர!”

“அது எவன் வீடு?”

“நம்ம வீடுப்பா.”

மகள் குனிந்து கட்டிலுக்கடியில் டார்ச் அடித்தாள். செருப்புக் குவியல்மேல் படுத்திருந்த அவர்களது நாய்க்குட்டி வாலாட்டியது.

அப்பா அவசரமாக வாசல் கதவைச் சாத்தினார்.

“சத்தம் போடாதேம்மா... பாவம், குழந்தைக்குப் பல்லு முளைக்கிற நேரம்!”