பதினோராவது பெயர்

காரை விட்டு இறங்கியதுமே சாலையோரம் குனிந்து வாந்தி எடுத்தாள் சுமித்ரா.

பள்ளி மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்த கோகிலவாணி நிறுத்தவில்லை. நிறுத்தினால் கோடு கோணிவிடும்.

"மலையேற எழுபது வளைவுங்க. ஊட்டுல ஒரு எலுமிச்சம்பழம் கூடவா இல்ல?"

சுமித்ரா சிரிக்கவில்லை. துப்பட்டாவால் வாயைத் துடைத்துக்கொண்டு, ஈரச் சுண்ணாம்பை மிதித்தபடியே வந்தாள்.

சேலத்து மகளிர் கால்பந்து கிளப்புக்கு இது இருபதாவது வருடம். சம்பளத்துக்கு ஆடிய அத்தனை பேரிலும் ஆகச் சிறந்த பதினோரு பேரைப் பொறுக்குகிறார்கள். பத்துப் பெயர் முடிந்துவிட்டது.

கடைசி இடத்துக்கு இரண்டு பேர். பன்னிரண்டு வருடம் ஆடிய அடிவாரத்து சித்திகா. இரண்டே சீசனில் முப்பத்தோரு கோல் என்று பதிவேட்டில் இருக்கும் சுமித்ரா.

தேர்வுக் குழுவில் நான்கு பேர் இரண்டிரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஐந்தாவது ஓட்டு கோகிலவாணியுடையது. மலையிலிருந்து நாலு பிள்ளைகளைப் பழக்கி அனுப்பிய விளையாட்டு டீச்சர் என்று அவளைக் குழுவில் போட்டிருந்தார்கள்.

சுமித்ரா தனக்கு ஓட்டுக் கேட்டு வந்திருக்கிறாள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

"சித்திகாவுக்கே போட்டுருங்க கோகிலா. என் பேரு வந்துச்சுன்னா எல்லாத்தையும் கிளறுவாங்க. என் வேலையே போயிரும் கண்ணு."

கண்ணாம்.

பதின்மூன்று வருடம் முன்னால் இதே வாய், "ஏய் மலைக்காரி" என்று கூப்பிட்டு ஹாஸ்டல் பாத்ரூமில் துணி துவைக்கச் சொன்ன வாய்.

அப்போது கிளப்புக்குக் கோச் சுமித்ராவின் அப்பா பூபதி. வீட்டிலேயே பிறந்த கோகிலவாணிக்குப் பிறப்புச் சான்று இல்லை. அது தெரிந்தேதான் மலையிலிருந்து கூட்டிப்போனார். இரண்டு வருடம் கழித்து, அத்தனை பேர் முன்னாலும், பிறந்ததற்கே அத்தாட்சி இல்லாதவளுக்கு டீமில் ஏது இடம் என்று சொல்லி, பையோடு பஸ் ஏற்றிவிட்டார்.

அதே வருடம் சுமித்ராவுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசாங்க வேலை கிடைத்தது.

"அப்பா செஞ்சதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

"நீங்க ஒன்னும் பண்ண வேண்டாஞ் சாமி. சும்மா உக்காந்திருங்க. அது உங்களுக்கு நல்லா வரும்."

சுமித்ரா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு அழுதாள். பாவமாகத்தான் இருந்தது. இருக்கட்டும்.

கோகிலவாணி சுண்ணாம்புக் கையை டிராக் பேண்டில் துடைத்துவிட்டு, போனில் ஓட்டுப் படிவத்தைத் திறந்தாள். வந்தவளின் கண்ணெதிரிலேயே சுமித்ரா என்ற பெயரைத் தொட்டாள்.

சுமித்ரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் அடுத்த கேள்வி வந்தது. தேர்வானவரின் சிறந்த கோல் காட்சி இருந்தால் இணைக்கவும். விழாவில் பெரிய திரையில் காட்டப்படும்.

இருந்தது. எத்தனையோ போன் மாற்றியும் அழிக்காமல் வைத்திருந்த பதினெட்டு நொடி வீடியோ.

கிளறினால் தன் வேலைக்கும் கேடு வரலாம். வரட்டும்.

இணைப்பதற்கு முன் ஒரு முறை ஓடவிட்டாள். ஒன்பதாம் எண் சட்டை. முதுகில் சுமித்ரா என்று பெயர். இரண்டு பேரைத் தாண்டி, இடது காலால் ஒரே உதை. வலை குலுங்கியது.

கோலடித்தவள் கையை விரித்துக்கொண்டு கேமராவைப் பார்க்கத் திரும்பினாள்.

பதினேழு வயது கோகிலவாணி, வாய்கொள்ளாமல் சிரித்தாள்.