காய்வதற்கு ஆறு மாதம்

கணவர் முகுந்தனை வரைய வேண்டும் என்று தமயந்தி சொன்னதும், கடைக்காரர் இரண்டு கான்வாஸ்களை எடுத்து வைத்தார்.

"இந்த லினன்ல ஆயில் பெயின்ட் போட்டா நூறு வருஷம் இருக்கும் மேடம். ஆனா முழுசாக் காய ஆறு மாசம் ஆகும். காட்டன்ல அக்ரிலிக் பெயின்ட்னா அரை மணி நேரத்துல காஞ்சிடும்."

முகுந்தனுக்கு இன்னும் மூன்று மாதம்தான் என்று டாக்டர் அன்று காலை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தார். காட்டனை எடுத்தால் அதற்குச் சம்மதித்த மாதிரி ஆகிவிடாதா? இரண்டையும் மாறி மாறித் தொட்டுக்கொண்டு நின்றாள்.

பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருந்த முகுந்தன் மெல்ல எழுந்து வந்து லினனை எடுத்தார்.

"இதையே வாங்கு தமா. காயற வரைக்கும் நான் எங்க போகப்போறேன்?"

தெரிந்துதான் சொல்கிறாரா? அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவரோ கடைக்காரரிடம் பெரிய பிரஷ்களைக் காட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.