கனவில் தின்ற கணக்கு

வாளும் பீரங்கியும் சாதிக்காததை ஓர் உணவுக் கணக்குச் செயலி சாதிக்கும், மனித இனத்தையே தீனியின் பிடியிலிருந்து மீட்கும் என்று மேடைதோறும் முழங்கி வந்தார் முதலாளி. அப்படி முழங்கிய ஒரு மேடையில்தான் அவருடைய சட்டைப் பொத்தான் தெறித்து முன்வரிசைக்காரர் ஒருவரின் மடியில் விழுந்தது.

செயலியின் பெயர் 'எடையரசன்'. தின்றதைப் பதிந்தால் எத்தனை கலோரி என்று சொல்லும். அதே கட்டடத்தின் மேல்மாடியில் 'கவளம்' என்று இன்னொரு செயலிக்காரர்கள் இருந்தார்கள். கவளமும் அதையேதான் சொல்லும். ஆனால் திட்டாமல் சொல்லும். சனங்கள் அங்கே போனார்கள்.

போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். திருட்டை எப்படி விடுவது?

அடுத்தவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டால் அதற்கும் கணக்கு வைக்கும் வசதியை முதலாளி ரகசியமாகத் தீட்டினார். வேலை முடிவதற்குள் அது கவளத்தில் வந்துவிட்டது. சமைக்கிறவர்கள் ருசி பார்க்கும் கரண்டிக்குக் கணக்கு என்றார். அதுவும் மாடியேறிப் போயிற்று.

"எவனோ இங்க தின்னுட்டு அங்க போய்க் கை கழுவுறான்," என்று பல்லைக் கடித்தார்.

எவனோ என்ன எவனோ, விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த மைத்துனன் மேல்தான் அவருக்குக் கண். வெள்ளரிக்காய்த் துண்டைத் தவிர வேறு தின்பண்டம் அலுவலகத்துக்குள் நுழையக் கூடாது என்பது முதலாளி போட்ட சட்டம். அந்தச் சட்டத்தில் எல்லோரும் வாடி வதங்க, மைத்துனன் மட்டும் பளபளவென்று உப்பிக்கொண்டே போனான். மதியமானால் லிப்டில் மேலே போவான். உதட்டைத் துடைத்துக்கொண்டே கீழே வருவான்.

முதலாளி பொறி வைத்தார். அவனை மட்டும் தனியே அழைத்து, கதவைச் சாத்தி, காதருகே குனிந்தார்.

"மாப்ளே, யார்கிட்டயும் மூச்சு விடாதே. கனவுல சாப்பிட்டதுக்கும் கலோரி போடப் போறோம்."

"கனவுலயா? மாமா, உடம்பு நல்லாத்தானே இருக்கு?"

"உலகத்துல எவனும் யோசிக்காத விஷயம்டா!"

"அது சரி. எவன் யோசிப்பான்?"

அப்படியொரு திட்டமே கிடையாது. நின்ற நிலையில் கட்டிய கதை. ஆனால் சொல்லி முடித்தபோது அது முதலாளிக்கே பிடித்துப்போயிற்று. தன் மூளையை நினைத்து அவருக்குக் கொஞ்சம் புல்லரித்தது.

அன்றும் வழக்கம்போல டீ குடித்த கையோடு, 'வியூக நேரம்' என்று அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டார். அப்போது யாரும் கதவைத் தட்டக் கூடாது. என்ன வியூகம் என்று ஒருவருக்கும் தெரியாது. வெளியே வரும்போது மட்டும், உடைவாளை உறையில் செருகுகிற மாதிரி போனைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, எதிரி முகாமைக் கொளுத்திவிட்டு வந்த களையோடு வருவார்.

அடுத்த வாரமே கவளத்தில் 'கனவுச் சாப்பாடு' வந்து குதித்தது. சனங்கள் விழுந்தடித்துக்கொண்டு பதிந்தார்கள். தூக்கத்தில் முழு கேக்கை விழுங்கியவர்கள், காலையில் எடை ஏறவில்லை என்று ஊருக்கே சொல்லி மார்தட்டினார்கள்.

முதலாளிக்கு ஆத்திரத்தைவிட ஆனந்தம்தான் அதிகம். எலி மாட்டிவிட்டதே! அலுவலகம் முழுவதையும் கூட்டினார். நிறுவனத்தில் பாதிக்குச் சொந்தக்காரியான மனைவியையும் வரவழைத்தார்.

"உன் தம்பி லட்சணத்தை நீயே பாரு. இந்த விஷயம் தெரிஞ்சது மொத்தம் ரெண்டே பேருக்கு. ஒண்ணு நான். இன்னொண்ணு இவன்."

மனைவி தம்பியைப் பார்த்தாள். "டேய், செஞ்சியா?"

"சத்தியமா இல்லைக்கா."

"அப்ப மேல எதுக்குடா போற?" என்று பாய்ந்தார் முதலாளி.

மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டான். "கேக் திங்க, மாமா. அங்க தினமும் யாருக்காவது பிறந்தநாள்னு சொல்லி வெட்டுறாங்க. இங்க வெள்ளரிக்காயாத் தின்னு தின்னு எனக்குக் கொம்பு முளைச்சிடும் போல இருக்கு."

பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்.

"கேட்டியா கதையை!" என்றார் முதலாளி.

"ஏங்க, இவன்தான் செஞ்சான்னா நானே கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுறேன். இல்லேன்னா, நாளையிலேர்ந்து உங்க நாற்காலியில நான் உட்காருவேன். சம்மதமா?"

"தாராளமா!"

மைத்துனன் படியேறி ஓடி, கவளத்தின் முதலாளியம்மாவையே அழைத்து வந்துவிட்டான். அந்த அம்மாள் கையில் கேக் தட்டோடுதான் வந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பில் தட்டு ஆடியது.

"உளவாளியா? இந்தத் தம்பியா? வாய் காலியா இருந்து இவர் பேசி நான் பார்த்ததே இல்லையே! எங்களுக்கு உளவாளி எதுக்கு சார்? பட்டினிப்புலின்னு ஒரு புண்ணியவான் இருக்காரு. தினமும் டீ நேரம் முடிஞ்சாப் போதும், எங்க ஆப்புக்கு ஒத்தை நட்சத்திரம் போட்டுக் கிழி கிழின்னு கிழிப்பாரு. 'அடுத்தவன் தட்டுல எடுத்துத் தின்னதுக்குக் கணக்கு எங்கே? ருசி பார்த்த கரண்டிக்கு எங்கே? கனவுல தின்னதைச் சொல்லத் தெரியாத இதெல்லாம் ஒரு ஆப்பா?' அவர் எதை இல்லேன்னு திட்டுறாரோ, அதை மறுவாரமே செஞ்சு போட்டுடுவோம். எங்க பிழைப்பே அவராலதான் ஓடுது."

முதலாளி எதிரிலிருந்த தண்ணீரை எடுத்துக் குடித்தார். அது பக்கத்தில் இருந்தவருடைய தண்ணீர்.

"அவர் யாரு, எங்க இருக்காருன்னுதான் தெரியலை," என்றபடி அந்த அம்மாள் போனை எடுத்தார். "ஒரு நன்றியாவது சொல்லணும்னு ரொம்ப நாளா ஆசை. இதோ, அவர் திட்டினதுக்குக் கீழேயே, உங்க எல்லார் முன்னாடியும் பதில் அனுப்பிடறேன்."

முதலாளியின் சட்டைப் பையில் 'டிங்' என்றது.