புது அட்மிஷன்

சிறார் கூர்நோக்கு இல்லத்திலிருந்து பள்ளிக்குத் திரும்புகிறவர்களை யாரும் ஒதுக்கக் கூடாதாம். அதனால் வகுப்பில் எல்லோருக்கும், அவர்கள் வீட்டாருக்கும் என்னைப் பற்றிய நினைவை அழித்துவிட்டார்கள். எனக்கு மட்டும் எதையும் அழிக்கவில்லை.

“புது அட்மிஷன், பேரு தமயந்தி,” என்றார் டீச்சர். மூன்று வருடம் எனக்குக் கணக்கு எடுத்தவர்.

பெனிட்டாதான் நகர்ந்து இடம் கொடுத்தாள். மதியம் அவளுடைய தக்காளி சாதத்தில் பாதியை என் மூடியில் வைத்தாள். நான் அவள் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இந்தத் தழும்பா? எப்படி ஆச்சுன்னே தெரியலைப்பா. அம்மாவுக்கும் தெரியலை,” என்று சிரித்தாள்.

நான்தான் காம்பஸால் கிழித்தேன். அதற்குத்தான் உள்ளே போனேன். அவளிடம் மன்னிப்புக் கேட்கப் பதினோரு மாதமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

“உப்பு சரியா இருக்கா?” என்றாள்.

“இருக்கு,” என்றேன்.